நாடி பிடித்த விரலும் வானலையும்



கல்முனைக் கரையோர ஊர்களிலே முன்னாளிற் பரிசாரியாரை அழைத்தால், அவர் முதலிற் செய்வது நோயாளியின் மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைப்பதுதான். விரல் அங்கிருக்கும் வரையே நாடியின் செய்தி கிடைக்கும். அவர் எழுந்து மருதமுனைக்கோ சாய்ந்தமருதுக்கோ சென்றுவிட்டால் அச்செய்தியும் நின்றுவிடும். வைத்தியர் அகன்ற பின்னும் நாடி பேசிக்கொண்டிருக்க வழியுண்டா? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

முதல் விடை, ஒரு காலத்தில் நம் கரையையும் ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டிலிருந்து வந்தது. லெய்டன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன், இதயம் எழுப்பும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கோடாக வரையும் பொறியை அமைத்தார். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும். பொறியோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலாத அளவு பெரிது. ஆகவே 1905ஆம் ஆண்டில் அவர் தொலைபேசிக் கம்பியின் உதவியை நாடினார். நோயாளி வைத்தியசாலையில் இருந்தார். அவருடைய இதயக்கோடு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த ஆய்வுகூடத்தில் எழுந்தது.

அக்கம்பியையும் அகற்றியவர் அமெரிக்கரான நோர்மன் ஹோல்டர். 1940களின் பிற்பகுதியில் அவர் இதயத்துடிப்பை வானொலி அலையில் அனுப்பிக் காட்டினார். முதுகிற் சுமக்க வேண்டிய அக்கருவியின் நிறை 85 இறாத்தல்! அதைச் சுமக்கவல்லவனுக்கு வைத்தியர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எனினும் 1961இல் யூரி ககாரின் விண்ணிற் பறந்தபோது, அவருடைய நாடியையும் மூச்சையும் மண்ணிலிருந்தோர் கவனிக்க முடிந்தது.

ஆனால் வானவெளி பொதுவழி. இவ்வுரையைத் தங்கள் இல்லத்துக்குக் கொணரும் அலையும் நோயாளியின் இதயச்செய்தியும் ஒரே வெளியிலேதான் செல்கின்றன. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில், அமெரிக்காவின் டலஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று புதிய இலக்கமுறை ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நகரின் பேய்லர் வைத்தியசாலையில் கம்பியில்லாமல் இயங்கிய இதயக் கண்காணிப்புக் கருவிகள் அதனால் செயலிழந்தன. காரணம் தெரிந்ததும் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. நோயாளரின் கருவிகளுக்கெனத் தனி அலைவரிசைகளை அந்நாட்டரசு 2000ஆம் ஆண்டில் ஒதுக்கியது. ஒலிபரப்போடு தொடர்புடையோர் மறக்கலாகாத நிகழ்ச்சி இது.

2004இல் ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், நாடித்துடிப்பையும் குருதியிலுள்ள ஒட்சிசனையும் அளந்தனுப்பும் சிறு கருவிகளைப் பற்றி எழுதினர். இரு சிறிய மின்கலங்களே அவற்றுக்குப் போதும். ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கி, அஞ்சலோட்டக்காரரைப் போல அப்பால் அனுப்பும். பேரிடரிலே காயமுற்றோர் திரளாக வரும்போது, எவர் நிலை மோசமாகிறது என்பதை உடனே அறிவிப்பதே நோக்கம்.

அதே ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களுக்குள் கடல் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கருவிகளோ அப்போது ஆய்வுகூடத்து மாதிரிகளாகவே இருந்தன. யாரை முதலிற் பார்ப்பது என்று தீர்மானிக்க, இக்கரை வைத்தியர்களுக்குத் தம் கண்ணும் விரலுமே துணை. உடலில் அணியும் கருவிகள் தம்முள் செய்தி பரிமாறுவதற்கான அனைத்துலக நியமம் வெளிவந்தது, அதற்கு எட்டாண்டுகளின் பின், 2012இல்.