வீட்டு ஷூ தையலிடம்: ஆம்பூர் – வேலூர் தோல் வட்டாரம்

ஷூ கம்பெனியில் வெட்டித் துளை போட்டு அனுப்பும் தோல் துண்டுகளைப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தபடியே அப்பராக, அதாவது ஷூவின் மேற்பாகமாக, தைத்துத் தரும் இடம் வீட்டு ஷூ தையலிடம் எனப்படும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் நீளும் தோல் வட்டாரத்தின் ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் இந்த வேலை நடக்கிறது. இதற்கெனத் தனி அறை கிடையாது. வாசற்படி, திண்ணை, தெருவோர மரநிழல், மழைக்காலத்தில் கூடத்தின் ஒரு மூலை. காலைச் சமையல் முடிந்து விரிப்புப் போட்டால் அது தையலிடம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுருட்டி வைத்தால் மறுபடியும் வீடு.

வீட்டில் தையல் அறை அமைப்பது பற்றிய வழிகாட்டிகள் மேசை, சுழல் நாற்காலி, நூல் அடுக்கும் அலமாரி என்று தொடங்குவது வழக்கம். ஒரு பாய் அகலத்துக்கு மேல் இடமில்லாத தொகுப்பு வீட்டில் அந்த ஆலோசனைகளில் பாதிக்கு மேல் செல்லாது. உட்காரும் உயரம், வெளிச்சம் விழும் தூரம், விரலில் நூல் பதியும் விதம் ஆகிய மூன்றும்தான் இங்கே வசதியைத் தீர்மானிக்கின்றன. கம்பெனிக்குள் இந்த மூன்றும் முதலாளியின் செலவு. வேலை வீட்டுக்கு வந்ததும் அவை தைப்பவரின் செலவாகிவிடுகின்றன.

பின்புலம்

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது இவ்வட்டாரத்தின் பழைய தொழில். தோல் அரைப்பதத்திலேயே சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று 1972இல் மத்திய அரசின் சீதாராமையா குழு சொன்னது. அதையொட்டி வந்த கட்டுப்பாடுகளால் தோல் வியாபாரிகள் முழுப்பதத் தோலுக்கும், பிறகு ஷூ அப்பருக்கும், முழு ஷூவுக்கும் நகர்ந்தார்கள். டேனரி பெரிதும் ஆண்களின் வேலையாக இருந்தது. தையல் வந்ததும் பெண்கள் வந்தார்கள். விடியற்காலையில் கிராமம் கிராமமாக ஆளெடுத்து வரும் கம்பெனி பஸ்களில் அவர்கள்தான் அதிகம். அந்த பஸ்ஸில் ஏற முடியாதவர்கள் உண்டு: கைக்குழந்தை வைத்திருப்பவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், வயது தாண்டியவர், வெளியே அனுப்ப வீட்டார் ஒப்பாதவர். வீடு தேடி வரும் தையலை எடுத்துக்கொண்டது இவர்கள்.

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின; பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே தங்கின. கம்பெனியிலிருந்து வீடுகளுக்குத் துண்டுகளைக் கொண்டுவரும் ஏஜென்டின் வண்டி அந்த எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. பெங்களூரின் சிவிடெப் அமைப்பு, பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வறிக்கைதான் இந்த வீட்டுத் தையலை வெளிநாட்டு வாங்குபவர்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. கூலிக் குறைவோடு கழுத்துவலி, முதுகுவலி, கண் சோர்வு ஆகியவற்றையும் அது பதிவு செய்தது.

வேலை நடக்கும் விதம்

வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கைத்தையல். மொக்காசின், லோஃபர் வகை ஷூக்களில் பாதத்தின் மேல்புறத்தை மூடும் துண்டையும் அதைச் சுற்றி எழும் பக்கத் தோலையும் சுருக்கம் வைத்து இணைக்க வேண்டும். மெஷின் தையலில் அந்தச் சுருக்கம் கைத்தையலின் அழகோடு விழாது என்பதால் நல்ல விலை போகும் ஷூக்களில் இன்றும் கையால்தான் தைக்கிறார்கள். ஏஜென்ட் ஜோடிக் கணக்கில் துண்டுகளையும் மெழுகு ஏற்றிய தடித்த நூலையும் தந்துவிட்டுப் போவார். தைத்து முடிந்த அப்பர் கம்பெனிக்குத் திரும்பி, அச்சில் இழுக்கப்பட்டு, சோல் ஒட்டப்படும்.

ஒரு தையலைக் கிட்டே இருந்து பார்த்தால் இடத்தின் தேவை விளங்கும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒரு துளையில் ஓர் ஊசி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், மற்றது அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் போகும். பிறகு இரண்டு கைகளையும் விரித்து ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். பலம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் சுருக்கம் தளரும். நூல் நீளமாக இருக்கையில் கைகள் தோள் அகலத்தையும் தாண்டி விரியும். அதனால்தான் சுவர் மூலையில் ஒண்டி உட்கார்ந்து தைப்பவருக்கு ஒரு பக்கத் தோள் முதலில் கெடுகிறது. இருபுறமும் முழங்கை விரியும் அளவு வெற்றிடம் விட்டு உட்காருவதே இந்த வேலைக்கு முதல் ஏற்பாடு. நூலைச் சற்றுக் குட்டையாக வெட்டிக்கொள்வது தோளுக்கு நல்லது. முடிச்சு கூடும், நேரம் கொஞ்சம் போகும். ஜோடிக்குக் கூலி வாங்குபவர் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குவதும் நியாயம்தான்.

உட்காருதல்

தரையில் சம்மணமிட்டு மடியில் வைத்துத் தைக்கும்போது முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும். இடுப்பு பின்னால் சாயும், முதுகு கூன் போடும், தலை முன்னால் தொங்கும். நான்கைந்து அங்குல உயரமுள்ள மணையோ, மடித்த ஜமுக்காளமோ இடுப்புக்கு அடியில் போனாலே இடுப்பு எழும்பி முதுகு நிமிரும். தூணிலோ சுவரிலோ சாய்பவர் இடுப்பின் வளைவுக்குச் சுருட்டிய துணியை வைத்துக்கொண்டால் சாய்வு பயன்படும். இல்லாவிட்டால் சுவர் தோள்பட்டையை மட்டும்தான் தாங்கும்.

பழைய வீடுகளின் திண்ணை இந்த வேலைக்கென்றே கட்டியதோ என்று நினைக்கத் தோன்றும். அதன் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தரையில் ஊன்றினால் நாற்காலியின் பலன் முழுதாகக் கிடைக்கும். தெருவைப் பார்த்துக்கொள்ளலாம், அக்கம்பக்கத்தாரோடு பேசலாம், பிள்ளை மேலும் ஒரு கண் வைக்கலாம். தொகுப்பு வீடுகளில் திண்ணை கட்டுவதில்லை. வாசற்படி இரண்டு படி உயரம் இருந்தால் அது ஈடுசெய்யும்.

மடியிலிருந்து வேலையை மார்புக்கு அருகே உயர்த்துவது கழுத்துக்கு உதவும். ஐரோப்பியச் சேணத் தொழிலாளர்கள் தொடைகளுக்கு நடுவே மரக்கவ்வி ஒன்றை இடுக்கி, அதில் தோலைப் பிடிக்க வைத்துத் தைப்பார்கள். உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால் செய்து தருவார். எல்லா மாடலுக்கும் அது ஒத்துவராது. சுருக்கம் வைத்துத் தைக்கையில் தோலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலைக்கு மடியில் தடித்த தலையணை போதும். எந்த ஏற்பாடானாலும், ஒரே நிலையில் தொடர்ந்து இருக்கக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர்களுக்காக 2006இல் வெளியிட்ட கையேடும், பணம் அதிகம் பிடிக்காத இதுபோன்ற சிறு மாற்றங்களிலிருந்தே தொடங்குகிறது.

வெளிச்சம்

ஐரோப்பியத் தரநிலை ஷூ தயாரிப்புக்கு 500 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது, துணித் தையலுக்கு 750. கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓடும்போது 500கூடக் குறைவாகவே படும். கறுப்பு ஒளியை விழுங்கிவிடும். பகலில் வாசற்படியை விட்டால் இதற்கு வேறு இடமில்லை. நேர்வெயில் வேண்டாம், வலக்கைக்காரருக்கு இடப்புறமிருந்து வரும் நிழல் வெளிச்சம் சிறந்தது. கையின் நிழல் துளையின் மேல் விழாது.

அவசர ஆர்டர் வரும்போது வேலை இரவுக்கும் நீளும். விட்டத்தில் தொங்கும் ஒரே பல்பின் கீழ் தரையில் உட்கார்ந்தால், 9 வாட் எல்இடி பல்பானாலும் மடிக்கு வந்து சேரும் வெளிச்சம் சொற்பம். அதே பல்பைக் குடையோடு மடிக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு இறக்கினால் கதையே வேறு. தூரம் நாலில் ஒரு பங்கானால் வெளிச்சம் பதினாறு மடங்காகும் என்பது பள்ளிப் பௌதிகம். மின்கட்டணம் பற்றிய பயமும் இங்கே தேவையில்லை: 9 வாட் பல்பு தினம் 4 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். தமிழக வீடுகளுக்கு 2016 மே முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். குடை கண்ணுக்கு நேரே பல்பு தெரியாதபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெளிச்சம் மட்டும் போதாது. வெள்ளெழுத்து வந்த பெண், அது வந்ததை அறியாமலே, தோலைத் தள்ளிப் பிடித்தும் குனிந்தும் சரிக்கட்டிக்கொள்கிறார். கழுத்துவலி என்று தைலம் தேய்க்கப்படும் பல கேஸ்களில் தேவைப்படுவது ஒரு கண்ணாடி.

விரல்

நூலை இழுக்கும்போது அது சுண்டுவிரலின் ஓரத்திலும் ஆள்காட்டி விரலின் மடிப்பிலும் பதிந்து அறுக்கிறது. துணிக்கிழிசலோ பிளாஸ்திரியோ சுற்றிக்கொள்வது உடனடி வைத்தியம். வியர்வையில் நனைந்ததும் அது நழுவும். இதைவிட நல்லது மெல்லிய தோலில் தைத்த விரலுறை. கழிவுத் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்குக் காசு வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு பெரிய பாடம் சொந்தமாகவே உண்டு. 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயில் உணர்விழந்த கைகால்களை ஆராய்ந்தவர். சிறிய இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தம்தான் சதையைக் கெடுக்கிறது, அதைப் பரப்பிவிட்டால் கைகால் தப்பும் என்பது அவருடைய பணியின் சாரம். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் மென்ரப்பர் செருப்பு அந்த எண்ணத்தின் பலன். நூல் பதியும் கோட்டை ஒரு தோல்பட்டை அகலத்துக்குப் பரப்பும் விரலுறையும் அதே கணக்குத்தான்.

மெஷின் வைத்திருப்போர்

பர்ஸ், பெல்ட், லைனிங் போன்றவற்றை வீட்டு மெஷினில் தைப்போரும் இருக்கிறார்கள். துணி தைக்கும் மெஷினில் தோல் ஓட்டும்போது உலோக அழுத்திக்கால் ஒட்டிக்கொள்ளும். டெஃப்லான் கால் மாட்டினால் வழுக்கி ஓடும். ஊசி வெட்டுமுனை கொண்டதாக, 16 அல்லது 18ஆம் எண்ணில் இருக்க வேண்டும். தோலில் ஊசி குத்திய துளை ஆறாது, பிரித்துத் தைக்க இடமில்லை. குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுவது அதனால்தான். பவர் மெஷினில் பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே மின்சாரம் தின்னும், இரையும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் ஓடுவதால் தூங்கும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஏற்றது. நான்கு காலுக்கும் அடியில் ரப்பர் துண்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரரின் சண்டையும் குறையும்.

பசை

ஒட்டும் வேலை வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தே தீருமானால் திறந்த வெளியில், காற்று தைப்பவரின் முதுகிலிருந்து முன்னால் போகும்படி உட்கார்ந்து, டப்பாவை மூடியோடு பயன்படுத்த வேண்டும். அடுப்பு அருகில் கூடாது. இது மிகையான எச்சரிக்கை இல்லை. ஜப்பானின் மியே மாகாணத்தில் 1960களில் வீட்டிலேயே செருப்பு ஒட்டி வந்தவர்களுக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. காற்றோட்டமில்லாத அறைகளில் பசையிலிருந்து கிளம்பிய ஹெக்சேன் ஆவிதான் காரணம். 93 பேரின் பாதிப்பை யமமுரா என்ற மருத்துவர் 1969இல் பதிவு செய்தார்.

தோலைக் காத்தல்

வெளிர்நிறத் தோலில் தலை எண்ணெயோ மஞ்சளோ பட்டால் ஜோடி திரும்பி வரும். மடியில் வெளுத்த துணி, தைத்த அப்பரை அடுக்கத் தரைக்கு மேலே ஒரு கட்டில் அல்லது பலகை, தைக்கும் முன் கை கழுவத் தண்ணீர் ஆகியவை இதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரச்சுவரை ஒட்டி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஊசிகளை எண்ணி ஒரு மூடிய டப்பாவில் போடுவது தவழும் பிள்ளை உள்ள வீட்டில் கட்டாயம்.

சட்டத்தில் இதன் இடம்

வேலூர், குடியாத்தம் பக்கத் தெருக்களில் பீடி சுற்றும் பெண்களும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள்தான். ஆனால் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. பின்னர் 2020இன் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. ஷூ தைப்பவருக்கென்று அப்படித் தனிச் சட்டம் எழவில்லை. தமிழகத்தில் காலணி, தோல் பொருள், பதனிடும் தொழிலாளர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. அது நலத்திட்ட உதவி தரும் அமைப்பு, தையலிடத்துக்குப் பொறுப்பேற்பது அதன் வேலையில் வராது. வீட்டு வேலைக்கும் பணிப்பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 177, 1996இல் நிறைவேறி 2000இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

தையல் சம்பந்தமாகவே உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று உண்டு. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் 1973இல், ஜோடிக்கூலி போலத் துண்டுக்கூலி வாங்கி, சில சமயம் துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்த தையல்காரர்களையும் கடையின் வேலையாட்கள் என்றே நீதிமன்றம் கருதியது. சரியாக வராத தையலை நிராகரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமை கடைக்காரரிடம் இருந்ததும், மெஷின்கள் கடையுடையவையாக இருந்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சேரும். ஆம்பூரில் தவறான ஜோடியைத் திருப்பி அனுப்பும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது. மணையும் விளக்கும் தைப்பவருடையவை.