கடல் தாண்டிய கட்டம்

1639-இல் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் தன் கம்பெனிக்காகத் துறைமுகமே இல்லாத ஒரு மணற்கரையைப் பிடித்துப் போட்டார். கப்பல் கரையை நெருங்க வழியில்லை. அங்கே கட்டிய கோட்டையின் செலவைக் கேட்டு லண்டன் முதலாளிகள் முகம் சுளித்தார்கள். டே கையில் வலுவான ஒரு காரணம் இருந்தது: இங்கே துணி மலிவு.

அந்தத் துணி செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் தறிகளிலிருந்தும் வந்தது. நூலை அவுரியில் நீலமாகவும் சாயவேரில் சிவப்பாகவும் தோய்த்து, காய்ந்த பிறகே தறியேற்றினார்கள். பாவில் நிறங்கள் எந்த வரிசையில் ஓடினவோ, ஊடையிலும் அதே வரிசை. கஞ்சி போட்டு விறைத்த பாவில் இழைக் கணக்கு தப்பினால் கட்டம் குலைந்துவிடும். எட்டு கஜத்தில் எட்டு சதுரம் நெய்து, வெட்டாமலே மூட்டை கட்டினார்கள். இந்தியத் துணிக்கு லண்டனில் ஏக கிராக்கி. வினையும் அங்கேதான் காத்திருந்தது.

பிழைப்பு போயிற்று என்று இங்கிலாந்து நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சாயமிட்ட, அச்சிட்ட ஆசியத் துணியை உள்நாட்டில் விற்க 1700-இல் தடை வந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. மூட்டைகள் திசை மாறின. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு விலையாக அந்தத் துணியை அளந்து கொடுத்தார்கள். விற்கப்பட்டவர்கள் போய் இறங்கிய கரீபியத் தீவுகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

1786. நியூ ஆர்லியன்ஸ் அப்போது ஸ்பெயின் வசம். அடிமைத்தளை இல்லாத கறுப்பினப் பெண்களின் கூந்தல் அலங்காரம் ஆளுநர் மிரோவின் கண்ணை உறுத்தியது. தலையில் நகையும் இறகும் கூடாது, துணியால் மூட வேண்டும் என்று உத்தரவிட்டார். மூடினார்கள், அவர் நினைத்த மாதிரி அல்ல. இந்தக் கட்டத் துணியையும் பளிச்சென்ற பிற துணிகளையும் விதவிதமாக முடிந்து, அதையே அலங்காரமாக்கினார்கள். சர்க்கார் உத்தரவுகளுக்கு இப்படியொரு ராசி உண்டு!

மார்ட்டினிக் தீவில் மோகம் இன்னும் முற்றியது. 1887-இல் அங்கே போன எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன், இந்தத் துணிக்கு மஞ்சள் தீட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பிசினில் குழைத்த மஞ்சளைத் தூரிகையில் தொட்டுக் கோடுகோடாகத் தீட்டினார்கள். தறியில் ஏறிய நிறம் போதவில்லை போலும்.

செயின்ட் லூசியாவிலும் டொமினிக்காவிலும் திருவிழா நாளில் பெண்கள் இன்றும் தலையில் கட்டும் அந்தத் துணிக்குப் பெயர், டே பிடித்த மணற்கரையின் பெயரேதான்: 'மெட்ராஸ்'. காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரி ஏரிக்கரையில் மடித்துக் கட்டிய லுங்கியில் இருக்கிறதே, அந்தக் கட்டத்தின் உறவுதான். அந்தத் தீவுகளில் தலைக்கட்டில் நிமிர்ந்து நிற்கும் முனைகளை எண்ணினால் விஷயம் தெரிந்துவிடும் என்பார்கள். ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு என்றால் இடம் பிடித்தாயிற்று. மூன்று, கல்யாணமே முடிந்தது. நான்கு தெரிந்தால், கேட்டுப் பார்க்கலாம்!