பிறைச் செய்தி நம் ஊருக்கு வந்த வழி

 

ரமலான் பிறை 29 அன்று மஃரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மாடியில் கூடும் கூட்டத்தைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள். மேற்கே ஒரு புள்ளி மின்னியதும் சிறுவர்கள் "பிறை! பிறை!" என்று கூவுவார்கள். சற்று நேரத்தில் அது மீனம்பாக்கத்து விமானம் என்பது தெரிந்துவிடும். கீழே ஒவ்வொருவர் கையிலும் செல்போன் ஒலித்துக்கொண்டிருக்கும். "ஹஜ்ரத், நாளைக்குப் பெருநாளா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடும். பெருநாள் என்னும் செய்தி ஒரு சிற்றூருக்கு முற்காலத்தில் எவ்வாறு வந்து சேர்ந்தது, ஊரார் எதைக் கொண்டு அதனை நம்பினார்கள் என்பதை இவ்வாண்டு மலரில் எழுத அந்த ஒரு மணி நேரமே காரணம்.

மதீனாவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. பாலைவனத்திலிருந்து வந்த ஒரு நாட்டுப்புறத்து அரபி தாம் ரமலான் பிறையைக் கண்டதாகச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய ஊரையோ குலத்தையோ விசாரிக்கவில்லை. அவர் கலிமாவுக்குச் சாட்சி சொல்பவரா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுநாள் நோன்பு என்பதை மக்களுக்கு அறிவிக்குமாறு பிலால் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். மற்றொரு முறை ஷவ்வால் பிறை மேகத்தில் மறைந்துவிட, மதீனாவாசிகள் அனைவரும் நோன்பு நோற்றிருந்தனர். பகலின் கடைசிப் பகுதியில் ஒரு பயணக் கூட்டத்தார் வந்து, நேற்றே பிறையைக் கண்டதாகச் சாட்சி கூறினர். உடனே நோன்பை விடும்படியும், மறுநாள் காலையில் தொழுகைத் திடலுக்கு வரும்படியும் நபியவர்கள் கட்டளையிட்டார்கள். பெருநாள் தொழுகை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அதற்காக எவரும் எவரையும் ஏசியதாகக் காணோம்.

இந்த இரு நிகழ்ச்சிகளிலும் செய்தியைக் கொண்டு வந்தவர் நேரில் வந்து நின்றார். அவரை விசாரிக்க முடிந்தது. நம் முன்னோர்கள் பற்றிப்பிடித்த கயிறு இதுதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர் தமிழகத்தின் பள்ளிவாசல்கள் பலவற்றில் நகரா இருந்தது; சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. தொழுகை நேரத்துக்கும் நோன்பு திறப்பதற்கும் ஸஹருக்கும் அதன் முழக்கமே அறிவிப்பு. ஸஹர் நேரத்தில் பக்கீர்ஷாக்கள் தாயிரா அடித்துப் பாடியவாறு தெருத்தெருவாகச் சென்று வீடுகளை எழுப்புவார்கள். அவர்களுக்குப் பெருநாளன்று காசும் அரிசியும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. அலாரக் கடிகாரத்துக்கு யாரும் பெருநாள் காசு கொடுப்பதில்லை!

பெருநாட்களுக்கு வெளியேயும் ஊர்ச்செய்தியின் வாய் பள்ளிவாசலாகவே இருந்தது. நிக்காஹ் செய்தி, மதரஸா விடுமுறை, காணாமற்போன ஆடு, எல்லாம் அங்கிருந்தே பரவின. மவுத் அறிவிப்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இன்னாருடைய தகப்பனாரும், இன்னாருடைய மாமனாரும், இன்ன தெருவில் வசித்தவருமான இன்னார் வஃபாத்தாகிவிட்டார்கள், இன்ன தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று மோதினார் அறிவிக்கிறார். ஒரு மனிதரை அடையாளம் காட்ட நான்கு உறவுகள் சொல்லப்படுகின்றன. கேட்பவருக்கு ஐயமே எழாது. ஐயம் எழுந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் அந்த அறிவிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

பிறை விஷயத்தில் சிற்றூர்கள் நகரத்தை எதிர்பார்த்திருந்தன. டமாஸ்கஸ் நகரத்து மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 1252) இதனைத் தெளிவாகவே எழுதியுள்ளார்கள். நகரத்தில் முழங்கும் பீரங்கி ஓசையைக் கேட்டாலும், அங்கு ஏற்றப்படும் விளக்குகளைக் கண்டாலும், சுற்றியுள்ள கிராமத்தார் மீது நோன்பு கடமையாகிவிடும் என்பது அவர்களின் தீர்ப்பு. பீரங்கி சாட்சி சொல்லாது. ஆனால் காஜியார் சாட்சியை ஏற்றுத் தீர்ப்பளித்த பிறகே அது முழங்கும் என்பதை ஊர் அறியும். ஆகவே அந்த ஓசை தீர்ப்பின் அடையாளமாயிற்று.

நம் பகுதிக்கு அந்த நகரம் மதராஸ். ஆற்காடு நவாப்கள் காலத்திலேயே அங்கு காஜிகள் இருந்தனர். 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் ஆங்கில அரசு காஜி நியமனத்தைக் கைவிட்டது. நிக்காஹ் போன்ற காரியங்களில் மக்கள் இடர்ப்பட்டதன் பயனாக, 1880இல் காஜிகள் சட்டம் பிறந்தது. அதற்கான மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டு வந்தவர் அலிகர் கல்லூரியை நிறுவிய ஸர் ஸய்யித் அஹ்மத் கான் ஆவார். அச்சட்டம் முதன்முதலில் நமது சென்னை மாகாணத்துக்கே பொருந்துமாறு இயற்றப்பட்டது. அதில் ஒரு வியப்பு உண்டு. சட்டம் திருமணச் சடங்குகளைப் பற்றிப் பேசுகிறது. காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதனையும் அது தரவில்லை. பிறையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் பிறை 29 அன்று மக்கள் காஜியாரின் அறிவிப்புக்கே காத்திருந்தனர். அந்த மதிப்பு அவருக்கு ஜமாஅத்துகள் தாமாகக் கொடுத்தது.

பின்னர் தந்தி வந்தது. 1855இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் உலமாக்களுக்கு ஒரு புதிய சிக்கல். தந்தியை நம்பிப் பெருநாள் கொண்டாடலாமா? பெரும்பாலோர் கூடாது என்றே ஃபத்வா கொடுத்தனர். இதனைப் பழமைவாதம் என்று இக்காலத்து இளைஞர்கள் நகைக்கக் கேட்டிருக்கிறேன். அவர்கள் விஷயத்தை முழுமையாக அறியவில்லை. தந்திக் காகிதத்தில் இருப்பது 'கபர்', அதாவது வெறும் செய்தி. ஷவ்வால் பிறைக்குத் தேவைப்படுவது 'ஷஹாதத்', அதாவது சாட்சியம். ரமலான் பிறைக்கு நேர்மையான ஒருவர் போதும்; பெருநாள் பிறைக்கு இருவர் வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பெருங்கூட்டமே கண்டிருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. பெயர் எழுதி அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்பதைத் தந்திக் கம்பி சொல்லுமா? 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிவுக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் முடியவில்லை.

வானொலி வந்தபோது நிலைமை மாறியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. சாட்சியங்களை விசாரித்துக் காஜியார் எடுத்த முடிவு வானொலியில் வாசிக்கப்படும்போது அது சாட்சியம் ஆகாது, தீர்ப்பின் அறிவிப்பாகும் என்று ஆலிம்கள் விளக்கினர். இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் பீரங்கி இங்கே வானொலிப் பெட்டி ஆயிற்று! என் சிறு வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி முப்பது பேர் மூச்சடக்கி அமர்ந்திருப்பார்கள். வானொலியில் கரகரப்பு எழுந்தால் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார்.

தாம்பரத்தின் கதை சற்று வேறுபட்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், நகரத்துக்குச் சென்று செய்தி அறிந்து அன்றிரவே திரும்புவது இயலக்கூடிய காரியமாயிற்று. அதே ரயில் வேறொன்றையும் செய்தது. வேலை நிமித்தமும் வணிகம் நிமித்தமும் பல மாவட்டத்தாரை இங்கே கொண்டு வந்து குடியேற்றியது. இன்று நம் புறநகர்ப் பள்ளிவாசல்களின் ஒரே ஸஃப்பில் வாணியம்பாடிக்காரரும் கீழக்கரைக்காரரும் மேலப்பாளையத்துக்காரரும் அதிராம்பட்டினத்துக்காரரும் தோளோடு தோள் நிற்கின்றனர். ஹனஃபியும் இருப்பார், ஷாஃபியும் இருப்பார். பிறை 29 அன்று ஒவ்வொருவரும் தத்தம் சொந்த ஊருக்குத் தொலைபேசியில் பேசுகின்றனர். கிராமத்துக்கு ஒரு நகரம் போதுமாயிருந்தது. நமக்கோ ஒரு பள்ளிவாசலுக்கு நாற்பது ஊர்கள்!

2000 முதல் 2005 வரை ரமலானின் முடிவு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டி வந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் பகுதியில் வானம் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செல்போன்கள் பெருகத் தொடங்கிய காலமும் அதுவே. யார் அனுப்பியது என்று தெரியாத குறுஞ்செய்திகளினால், ஒரே வீட்டில் தகப்பனார் நோன்பிருக்க மகன் பெருநாள் கொண்டாடிய காட்சிகளை நாம் கண்டோம். ஓரிடத்துப் பிறை எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பதில் இமாம்களுக்கிடையே பழைய கருத்து வேறுபாடு உண்டு. சிரியாவில் கண்ட பிறையை குரைப் (ரஹ்) அவர்கள் மதீனாவில் வந்து சொன்னபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதனை ஏற்காமல் மதீனாவின் கணக்கையே தொடர்ந்தார்கள். அந்த வேறுபாடு இல்முடையது. அதற்கு மரியாதை உண்டு. பெயரில்லாத செய்திக்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் சென்ற ஆண்டின் அறிவிப்புக் கடிதம் தேதி தெரியாதபடி வெட்டப்பட்டு மீண்டும் உலா வருகிறது.

இந்தக் குழப்பத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபித்ரா தொழுகைக்கு முன் ஏழையின் வீட்டை அடைய வேண்டும். செய்தி இரவு 11 மணிக்கு மாறினால் அந்த அரிசி எப்போது போய்ச் சேரும்? அடுப்படியில் இருக்கும் நம் தாய்மார்கள் ஸஹருக்குச் சமைப்பதா, பெருநாளுக்கு மாவு கரைப்பதா என்று அறியாமல் நிற்கின்றனர். அவர்களை மாடிக்கு யாரும் அழைப்பதுமில்லை, செய்தியை முதலில் அவர்களுக்குச் சொல்வதுமில்லை.

ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே 2030க்குப் பின் சில ஆண்டுகளில் பெருநாள் மீண்டும் மழைக்காலத்துக்கு வரும், மேகமும் வரும். நம் பள்ளிவாசலில் இப்போதுள்ள வழக்கம் இதுதான்: நிர்வாகிகளில் ஒருவர் தலைமை காஜியின் அறிவிப்பைக் கேட்டு உறுதி செய்கிறார், சொன்னவர் பெயரும் நேரமும் ஒரு நோட்டில் எழுதப்படுகின்றன, நான் அதனைப் படித்துப் பார்க்கிறேன். அதன் பிறகே மோதினார் ஒலிபெருக்கியை விரலால் இருமுறை தட்டுகிறார். அந்தத் தட்டும் ஓசை கேட்டதும் எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண்மணி அரிசிப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு காது கொடுத்து நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறேன்.