அமூர் வல்லூறு தடமறிதல்

அமூர் வல்லூறு தடமறிதல் என்பது, நாகாலாந்து, மணிப்பூர் வழியாக வலசை செல்லும் அமூர் வல்லூறுகளுக்குச் செயற்கைக்கோள் அலைபரப்பி பொருத்தி அவற்றின் பாதையை அறியும் பணி. இந்திய வனவுயிர் நிறுவனம் இதனை 2013-இல் தொடங்கியது.

பின்னணி

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-இல் இந்தியப் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. தமிழகத்தில் கோடியக்கரை இப்பணிக்குப் பெயர்பெற்ற இடம். வளையமிட்ட பறவை மீண்டும் பிடிபட்டாலோ இறந்து கிடைத்தாலோதான் அது சென்ற இடம் தெரியவரும். இடையில் எவ்வழியே பறந்தது என்பதை வளையத்தால் அறிய இயலாது.

வேட்டை

அமூர் வல்லூறு ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள சிறிய வேட்டைப் பறவை. தென்கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனாவிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பெருந்திரளாகத் தங்குகிறது. அங்கு ஈசல் முதலிய பூச்சிகளைத் தின்று, கடல் கடப்பதற்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேர்த்துக்கொள்கிறது.

2012-இல், வோக்கா மாவட்டத்துப் பாங்டி ஊரருகே மீன்வலைகளை உயரக் கட்டி இப்பறவைகளை ஆயிரக்கணக்கில் பிடித்து விற்கும் செய்தி வெளியாயிற்று. அணை நீரில் விளைநிலங்களை இழந்து மீன்பிடித்தலுக்கு மாறிய குடும்பங்களுக்கு இது பருவகால வருமானமாக இருந்தது. வலசை விலங்குகளைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983 முதல் உறுப்பு நாடு என்பதால், இது நாட்டின் பொறுப்பாகவும் ஆயிற்று.

தடமறிதல்

அடுத்த ஆண்டே ஊர் மன்றங்கள் வேட்டையைத் தடை செய்தன. 2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்கு ‘நாகா’, ‘வோக்கா’, ‘பாங்டி’ என அவ்வட்டாரப் பெயர்களே சூட்டப்பட்டு அலைபரப்பி பொருத்தப்பட்டது. 5 கிராம் எடையுள்ள அக்கருவி சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறுவது. பறவையின் எடையில் அது சுமார் மூன்று விழுக்காடு. கருவி அனுப்பும் அலை செயற்கைக்கோளை எட்டும்போது அதன் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு இடம் கணக்கிடப்படுகிறது.

இப்பறவைகள் இந்தியத் தீபகற்பத்தைக் கடந்து, அரபிக்கடல் மேலாக இடைநில்லாது சோமாலியாவை அடைவது இதனால் தெரியவந்தது. நாகாவும் பாங்டியும் 2014-இல் டோயாங்குக்குத் திரும்பின.

மணிப்பூரில்

2018-இல் மணிப்பூரின் தாமெங்லாங் மாவட்டத்தில் அலைபரப்பி பொருத்திய ‘மணிப்பூர்’ என்ற ஆண் பறவை சில நாட்களில் இறந்து கிடந்தது. அதன் உடலில் ரவைக் காயங்கள் இருந்தன. 2019-இல் அங்கு ‘சியுலோன்’, ‘இராங்’ என்னும் பறவைகளுக்கு அலைபரப்பி பொருத்தப்பட்டது. சியுலோன் மறு ஆண்டு மணிப்பூருக்குத் திரும்பியது.

ஊர்ப்பெயர் தாங்கிய பறவை கண்டம் கடந்து மீள்வதை ஊரார் செய்தியாகக் கேட்டறிந்தனர். முன்பு வலை கட்டிய பாங்டி, இன்று வல்லூறுகளைக் காண வெளியூரார் வந்து செல்லும் ஊராக அறியப்படுகிறது.