கண்ணீர் இல்லாக் குளியலும் ஒரு முயலின் கண்ணும்

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் நினைவு நம் தலைமுறையில் பலருக்கும் கண்ணெரிச்சலோடு சேர்ந்தே வருவது. உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொள் என்று அம்மாவோ பாட்டியோ அதட்ட, வெந்நீரில் கரைத்த சீயக்காய் நெற்றி வழியே இறங்கும். எவ்வளவு இறுக மூடினாலும் ஒரு துளி உள்ளே போய்விடும். அன்று முழுவதும் கண் சிவந்தே கிடக்கும். இன்றைய குழந்தைகள் இந்த எரிச்சலைப் பெரும்பாலும் அறியார். கண்ணில் பட்டாலும் எரியாது என்று உறுதி கூறும் ஷாம்புப் புட்டிகள் குளியலறைக்குள் வந்து பல்லாண்டுகள் ஆயின.

ஐம்புலன் நுகர்ச்சிகளைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் ஒரு சொல்லருகே நாம் சற்று நிற்பதுண்டு. தொடுவுணர்வை 'ஊறு' என்பது தமிழ் மரபு. தீங்கு, காயம் என்பனவும் அதே சொல்லின் பொருள்கள். தொடுதலுக்கும் துன்பத்துக்கும் எப்படி ஒரே சொல் அமைந்தது என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கேட்டார். இலக்கண விடை ஒன்றைச் சொல்லிச் சமாளித்தோம். மேனியிலும் கண்ணிலும் நாம் தடவிக்கொள்ளும் பொருள்களின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் அவர் கேள்வியின் ஆழம் புலப்பட்டது. அவ்வரலாற்றின் முக்கியப் பகுதி அமெரிக்காவில் நிகழ்ந்தது.

அழகுக்குக் கொடுத்த விலை

அமெரிக்காவில் உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் முதல் கூட்டாட்சிச் சட்டம் 1906இல் வந்தது. அழகுப் பொருள்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. யாரும் எதையும் குப்பியில் அடைத்து விற்கலாம் என்ற அந்த நிலையில்தான் 1930களின் தொடக்கத்தில் 'லாஷ் லூர்' என்ற சாயம் சந்தைக்கு வந்தது. இமை மயிரையும் புருவத்தையும் நிலையாகக் கறுப்பாக்கும் என்பது அதன் விளம்பரம். அதிலிருந்தது பாராஃபினைலின்டையமின் என்ற வேதிப்பொருள். அது ஒவ்வாதவர்களுக்கு இமைகள் வீங்கிப் புண்ணாயின. விழியின் கருவிழிப்படலம் சிதைந்தது. பெண்கள் சிலர் பார்வையிழந்தனர், ஒருவர் உயிரிழந்தார்.

அரசின் உணவு மருந்து நிர்வாகத்திடம் புகார்கள் வந்து சேர்ந்தன. ஆனால் அச்சாயத்தைச் சந்தையிலிருந்து அகற்ற அதற்கு அதிகாரம் இல்லை. ஆகவே அதிகாரிகள் வேறொரு வழியை நாடினர். பழைய சட்டத்தின் ஓட்டைகளைக் காட்டும் பொருள்களைத் திரட்டி 1933இல் ஒரு கண்காட்சி அமைத்தனர். அதில் ஒரு பெண்ணின் இரண்டு நிழற்படங்கள் இருந்தன. ஒன்று சாயம் இடுவதற்கு முன் எடுத்தது; மற்றொன்று பின் எடுத்தது. அக்கண்காட்சியைப் பார்த்த செய்தியாளர் ஒருவர் அதற்குக் 'கொடூரங்களின் கூடம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். நிர்வாகத்தில் பணியாற்றிய ரூத் டிஃபாரஸ்ட் லாம்ப் அப்பெயரிலேயே 1936இல் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு சல்ஃபானிலமைடு என்ற மருந்தின் நச்சுக் கரைசல் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகே, 1938 ஜூனில், அழகுப் பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் ரூஸ்வெல்ட்டின் கையொப்பம் பெற்றது.

இதன் எச்சம் நம் ஊர் மளிகைக் கடைவரை வந்திருக்கிறது. தலைமுடிச் சாயப் பொட்டலத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: புருவத்துக்கும் இமைக்கும் இடக்கூடாது, இட்டால் பார்வை போகக்கூடும் என்று. நாம் படிக்காமல் கிழித்தெறியும் அந்த வரிக்குப் பின்னால் பார்வையிழந்த பெண்கள் இருக்கிறார்கள்.

எண்ணாக மாறிய எரிச்சல்

தீங்கான பொருளைப் பறிமுதல் செய்யச் சட்டம் வந்துவிட்டது. தீங்கு எது என்று எப்படி அறிவது? எரிச்சல் ஓர் உணர்வு. நீதிமன்றத்தில் உணர்வை நிறுவ முடியாது, எண்ணை நிறுவலாம். உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர் ஜான் டிரெய்ஸ் 1944இல் தம் சகாக்கள் இருவருடன் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணைத் தந்தது.

முறை எளிது. வெள்ளை முயலின் ஒரு கண்ணின் கீழிமையை இழுத்து, அந்தப் பையில் 0.1 மில்லிலிட்டர் பொருளை விடுவார்கள். மறு கண்ணில் எதுவும் இடுவதில்லை, ஒப்பிடுவதற்கு அது. பிறகு 24, 48, 72 மணி நேரங்களில் விழியைப் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். தேவையானால் இன்னும் பல நாள்கள் பார்ப்பதுண்டு. கருவிழிப்படலத்தின் கலங்கலுக்கு 80, கதிராளிக்கு 10, இமையிணைப்படலத்தின் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் 20. ஆக மொத்தம் 110. முயல் தன் கண்ணைச் சுரண்டிக்கொள்ளாதிருக்க, தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் அதை நிறுத்தி வைப்பது பல ஆய்வுக்கூடங்களின் வழக்கமாயிற்று.

ஏன் முயல்? அது சாது, விலை மலிவு, கண் பெரியது. மனிதரைவிடக் குறைவாகவே கண்ணீர் சுரப்பது. அதனால் இட்ட பொருள் எளிதில் கழுவிப் போகாது. தேர்ந்தெடுத்த காரணங்களைப் படிக்கையில், சாதுவாக இருப்பதே அதற்கு வினையாயிற்று என்ற எண்ணம் எழாமல் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். டிரெய்ஸ் கொடியவர் அல்லர். லாஷ் லூருக்குக் கண்ணைப் பறிகொடுத்தவர்களைப் போல் இன்னொருவர் வரக்கூடாது என்ற கவலையிலிருந்து பிறந்த முறை அது. அதுவரை, விலைகொடுத்து வாங்கியவரே சோதனைப் பொருளாக இருந்தார். அவருடைய இடத்துக்கு முயல் வந்தது. அவ்வளவே நிகழ்ந்தது.

எரியாத நுரை

இனி ஷாம்புக்கு வருவோம். உடலில் நரம்பு முனைகள் மிக அடர்ந்த இடங்களுள் கருவிழிப்படலமும் ஒன்று. கண்ணீரின் காரகாடித் தன்மை ஏறத்தாழ 7.4. சாதாரண சோப்பு நீரில் அது 9, 10 என ஏறும். இந்த வேறுபாடு ஒரு காரணம். நுரை தரும் மூலக்கூறுகள் மற்றொரு காரணம். எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி இழுப்பதற்கென்றே அமைந்த அவை, விழியின் மேற்பரப்பிலுள்ள புரதத்தையும் உயிரணுச் சவ்வையும் விட்டுவைப்பதில்லை. அழுக்கு எது, விழி எது என்ற பேதம் நுரைக்குத் தெரியாது.

நேர், எதிர் மின்னேற்றங்கள் இரண்டையும் ஒருங்கே தாங்கும் மூலக்கூறுகளை இவற்றோடு கலந்தால் நிலைமை மாறும். அவை ஒன்றுகூடிப் பெரிய திரள்களாகும். தனித்து அலைந்து விழிக்குள் புகும் மூலக்கூறுகள் குறையும். கலவையின் காரத்தன்மையையும் கண்ணீருக்கு அருகே கொண்டுவந்தால் எரிச்சல் பெரிதும் தணியும். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1950களின் முற்பகுதியில், இனிக் கண்ணீர் இல்லை என்ற உறுதிமொழியோடு தன் குழந்தை ஷாம்புவை விற்கத் தொடங்கியதிலிருந்து இவ்வகை நுரைகள் ஒரு தனிக் குலமாயின. அவற்றில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்திருக்கிறது என்ற வதந்தி இன்றுவரை உலவுகிறது. அது உண்மையன்று. வலியை மறைப்பதன்று, வலி தரும் காரணத்தையே குறைப்பது அந்த வேதியியல். அந்த அளவில் அது பாராட்டுக்குரியது.

ஆனால் ஒரு கலவை மற்றொன்றைவிட மென்மையானது என்று எண்ணால் காட்ட அந்நாளில் இருந்த வழக்கமான வழி டிரெய்ஸ் சோதனையே. குழந்தையின் கண்ணில் கண்ணீர் வராமல் இருப்பதற்கான அளவுகோல் முயலின் கண்ணில் இருந்தது.

ஒரு பள்ளி ஆசிரியர்

ஏறத்தாழ 35 ஆண்டுகள் இது பொதுமக்கள் காதுக்கு எட்டாமலே நடந்தது. இடையில் 1971இல் வெயிலும் ஸ்காலாவும் வெளியிட்ட ஆய்வு, ஒரே பொருளுக்குப் பல ஆய்வுக்கூடங்கள் மிக வேறுபட்ட மதிப்பெண்களைத் தந்ததைக் காட்டியது. எண் என்ற தோற்றமே அதற்கு உறுதியைத் தந்திருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்ப அந்த எண்ணும் மாறியது.

நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஹென்றி ஸ்பைரா. அதற்கு முன் கப்பல் தொழிலாளி, கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. ரெவ்லான் நிறுவனத்தோடு முதலில் பேச்சு நடத்திப் பார்த்தார். பயனில்லை. 1980 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அழகுக்காக எத்தனை முயல்களின் பார்வையைப் பறிக்கிறீர்கள் என்று அந்நிறுவனத்தைப் பெயர் சொல்லியே கேட்டது அது. அவர் கோரிக்கையின் நிதானம் நம்மைக் கவர்கிறது. சோதனையை நாளையே நிறுத்து என்று அவர் வற்புறுத்தவில்லை. மாற்று வழி தேடுவதற்குப் பணம் ஒதுக்கு என்றார். அவ்வாண்டு முடிவதற்குள் ரெவ்லான் 7,50,000 டாலரை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு அளித்தது. அழகுப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் தந்த 10 லட்சம் டாலரைக் கொண்டு 1981இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சோதனைகளுக்கான மையம் தொடங்கியது.

விளைவுகள் மெதுவாக வந்தன. இறைச்சிக் கூடத்தில் எஞ்சும் மாட்டின் கருவிழிப்படலத்தையும் கோழியின் கண்ணையும் கொண்டு செய்யும் சோதனைகளைப் பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2009இல் ஏற்றது. மனித உயிரணுக்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த விழித்திசுவை 2015இல் ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை 2013இல் முழுமையாகத் தடுத்தது. இந்தியா அத்தகைய சோதனையையும் அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் 2014இல் தடை செய்தது.

ஒரு துளி தாமதம்

இவ்வரலாற்றில் நம்மை அதிகம் உறுத்துவது வேறொரு செய்தி. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் மருத்துவர், கோக்கெயின் கரைசல் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்று கண்டறிந்தார். வலியற்ற கண் அறுவைக்கு வழிதிறந்த கண்டுபிடிப்பு அது. முதலில் தவளையின் கண்ணிலும், பின் முயல், நாய் ஆகியவற்றின் கண்ணிலும் சோதித்தார். பிறகு அவரும் உடனிருந்த நண்பரும் தத்தம் கண்களிலேயே அத்துளியை விட்டு, கண்ணாடி முன் நின்று, குண்டூசியால் விழியைத் தொட்டுப் பார்த்தனர்.

ஆக, ஒரு துளியில் கண்வலியைப் போக்கலாம் என்று மனிதன் அறிவதற்கு முயலின் கண்ணும் உதவியது. ஆனால் அந்தத் துளி முயலுக்குக் கிடைத்ததா? மரப்பு மருந்து சோதனை முடிவைக் குழப்பிவிடும் என்று பலர் அஞ்சினர். இடையிடையே பரிந்துரைகள் வந்தும் அது பொது வழக்கமாகவில்லை. முயலில் சோதித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், முன்கூட்டியே கண்ணுக்கு மரப்பு மருந்தும் உடலுக்கு வலிநீக்கியும் தரவேண்டும் என்று மேற்சொன்ன அமைப்பின் வழிகாட்டி நெறி 2012இல்தான் திருத்தப்பட்டது. 1884க்கும் 2012க்கும் இடையே 128 ஆண்டுகள். அறிவு இல்லாததால் நேர்ந்த தாமதமன்று இது.

மாணவியின் கேள்விக்கு நம்மிடம் இப்போதும் இலக்கண விடை ஒன்றே உண்டு. ஆயினும் அச்சொல்லை வகுப்பில் விளக்கும்போது இந்த முயலையும் இப்போது சேர்த்துச் சொல்கிறோம். கூடவே கொல்லரின் குண்டூசியையும், நம் வீட்டுக் குளியலறையில் அன்றாடம் நடந்த ஒரு சிறு செயலையும் சொல்கிறோம். வெந்நீரைக் குழந்தையின் தலையில் ஊற்றுமுன் அம்மா அதைத் தன் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். சூடு அதிகமென்றால் முதலில் அவள் கைதான் சுடும்.