வீட்டு வெந்நீர்க் கலன்

வெந்நீர்க் கலன் என்பது வீட்டுப் பயன்பாட்டுக்கான நீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும் மூடிய கலன் ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது பெரும்பாலும் செம்பு அல்லது துருவேறா எஃகினால், உருளை வடிவில் செய்யப்படுகின்றது. கொதிகலனிலிருந்து வரும் சுருள்குழாயோ, கலனுள் அமிழ்ந்திருக்கும் மின்சூடேற்றியோ நீரைச் சூடாக்கும். இதனை வீட்டின் குழாய்களுடன் இணைப்பதில் முதன்மையான விதி, சூடாகி விரிவடையும் நீருக்கு எப்போதும் வழி இருத்தல் வேண்டும் என்பதாகும்.

விரிவும் ஆபத்தும்

100 லிட்டர் நீரை 10 பாகை செல்சியசிலிருந்து 60 பாகை வரை சூடாக்கினால், அதன் கனவளவு ஏறத்தாழ 1.7 லிட்டர் கூடும். நீர் எளிதில் அமுங்குவதில்லை. எனவே வழியில்லாத கலனில் அழுத்தம் விரைவாக உயரும். அழுத்தம் உயர, நீரின் கொதிநிலையும் உயரும். வளிமண்டல அழுத்தத்தைவிட 3 பார் மிகுந்த அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 143 பாகையிலேயே கொதிக்கும். இவ்வாறு மிகையாகச் சூடேறிய கலன் உடைந்தால், நீரின் ஒரு பகுதி கணப்பொழுதில் நீராவியாகி வெடிப்பை உண்டாக்கும்.

திறந்த முறை

இம்முறையில் கூரையடியிலுள்ள தொட்டியிலிருந்து குளிர்நீர் கலனின் அடிப்பகுதிக்கு வருகின்றது. வெந்நீர் அடர்த்தி குறைந்தது ஆதலால் மேலே தங்கும். எனவே கலனின் உச்சியிலிருந்தே அது எடுக்கப்படுகின்றது. உச்சியிலிருந்து மேலெழும் போக்குக் குழாய் தொட்டியின் மேலாக வளைந்து, திறந்தபடி முடிகின்றது. இக்குழாயில் எந்த வால்வும் பொருத்தலாகாது.

தொட்டியும் வெப்பத்தைத் தாங்கக்கூடியதாகவும், அடியில் முழுமையாகத் தாங்கப்பட்டும் இருத்தல் வேண்டும். 2006 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டோன்டன் நகரில், மின்சூடேற்றியின் தெர்மோஸ்டாட் பழுதடைந்ததால் கொதிநீர் போக்குக் குழாய் வழியே பிளாஸ்டிக் தொட்டியில் சேர்ந்தது. தொட்டி இளகிச் சிதைந்து, கீழே உறங்கிய குழந்தை உயிரிழந்தது.

மூடிய முறை

இம்முறையில் கலன் தெருக்குழாயின் அழுத்தத்திலேயே இயங்குகின்றது. திறந்த குழாய் இல்லாததால் பின்வருவன தேவை:

* விரிவடையும் நீரை ஏற்கும் விரிவுக் கலம் அல்லது கலனுள் காற்றிடைவெளி
* உள்வரும் நீரின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, நீர் பின்னோக்கிச் செல்வதைத் தடுக்கும் ஒருவழி வால்வு
* தெர்மோஸ்டாட், அது பழுதானால் வெப்பமூட்டலை நிறுத்தும், தானே மீளாத துண்டிப்பான்
* இவை தவறினும் நீரை வெளியேற்றும் வெப்ப-அழுத்த விடுவிப்பு வால்வு

விடுவிப்பு வால்வுக்கும் கலனுக்கும் இடையே வேறு வால்வு இருத்தலாகாது. வெளியேற்றும் குழாய் தொடர்ச்சியாகச் சரிந்து, எவர்மேலும் வெந்நீர் படாத இடத்தில் முடிதல் வேண்டும். வால்வு ஒழுகுகின்றது என்பதற்காக அக்குழாயை அடைப்பது, கடைசிக் காப்பையும் நீக்குவதாகும். இத்தகைய கலன்களைத் தகுதி பெற்றவர்களே பொருத்துதல் வேண்டும்.

வெப்பநிலை

லெஜியோனெல்லா நுண்ணுயிரி 20 முதல் 45 பாகை வரையிலான நீரில் பெருகக்கூடும். ஆதலால் நீரை 60 பாகையில் சேமிப்பது வழக்கம். அவ்வெப்பநிலை சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். எனவே குளியல் குழாய்களுக்கு முன்னர், குளிர்நீரைக் கலந்து வெப்பத்தைக் குறைக்கும் கலவை வால்வு பொருத்தப்படுகின்றது.