கியர் போடுறவன் யாரு? - ஐயாவும் ஏஎம்டி காரும்

ஆணி ஜாஸ்தியா இருந்ததால ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்டல மக்களே. மன்னிச்சு விட்ருங்க. இன்னிக்கு ஒரு சத்தத்தோட சரித்திரம்.

போன பொங்கலுக்கு என்னோட செகண்ட் ஹேண்ட் ஏஎம்டி காரை காரைக்குடிக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். மறுநாள் காலையில டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா 'விர்ர்ர்'னு ஒரு சத்தம். சாவியே போடல! ஓட்டினா கியர் மாறும்போதெல்லாம் 'டொக்', கூடவே தலை ஒரு ஆட்டம். அம்மா "இதுல நான் வரலப்பா"ன்னுட்டாங்க. ஏற்கனவே சென்னையில ஒரு ஒர்க்‌ஷாப்புல "கிளட்ச் செட்டையே மாத்தணும் சார்"னு வயித்துல புளியைக் கரைச்சிருந்தாங்க.

எங்க ஐயா (அப்பாவோட அப்பா) ஒரு செட்டியார் வீட்டுல அம்பாசடர் ஓட்டினவர். முன்சீட்டுல உக்காந்து செக்காலை ரோட்டுல ஒரு ரவுண்டு வந்துட்டு, "பெட்டி நல்லாத்தான்ப்பா இருக்கு. கியர் போடுறவன்தான் புதுசு"ன்னார். எஞ்சினியரிங் படிச்ச எனக்கு அது புரிய ரெண்டு நாள் நெட்டுல மேய வேண்டியதாப் போச்சு.

1890கள்ல பிரான்சோட பான்ஹார்ட் லெவசோர் கம்பெனி, பல்சக்கரத்தை நகர்த்திக் கோக்குற கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. வேற வேற வேகத்துல சுத்துற ரெண்டு சக்கரத்தைக் கோத்தா நறநறன்னு சத்தம் வராம என்ன செய்யும்? அதுக்காக டிரைவருங்க கத்துக்கிட்ட வித்தைதான் டபுள் கிளட்ச். ஒரு தடவை மிதிச்சு நியூட்ரல், இன்னொரு தடவை மிதிச்சு கியர். 1928ல கேடிலாக் கம்பெனி சின்க்ரோமெஷ் கொண்டுவந்துச்சு. கோக்குறதுக்கு முன்னாடியே உரசி வேகத்தைச் சமமாக்கிடும். ஆனா ஐயா ஓட்டின பழைய அம்பாசடர்ல ஃபர்ஸ்ட் கியருக்கு அது கிடையாது. அவர் காதை வச்சுத்தான் கியர் போட்டார்.

அந்தக் காலையும் கையையும் மெஷினுக்குக் கொடுத்த கதை ரேஸ்ல சூடு பிடிச்சது. 1989 மார்ச்ல பிரேசில் பந்தயத்துல, ஸ்டியரிங் பின்னாடி இருக்கிற துடுப்பைத் தட்டினா கியர் மாறுற ஃபெராரி 640-ல நைஜல் மான்செல் ஜெயிச்சார். 1997ல அது ஃபெராரி எஃப்355 மூலமா ரோட்டுக்கு வந்துச்சு. மேக்னெட்டி மரெல்லி கம்பெனியோட அதே மாதிரி டெக்னிக், 2014 பிப்ரவரியில மாருதி செலேரியோவுல நம்ம ஊருக்கு வந்துச்சு. அதே வருஷம் மே மாசம் உத்தர்பாராவுல அம்பாசடர் உற்பத்தி நின்னு போச்சு. ஐயாகிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசல, துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டார்.

இப்ப என் காரோட சத்தத்துக்கு வருவோம். ஏஎம்டி-ங்கிறது சாதா மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு கம்ப்யூட்டர் இயக்குது. ஹைட்ராலிக் வகையில ராத்திரி நிக்கும்போது எண்ணெய் அழுத்தம் இறங்கிடும், கதவைத் திறந்ததும் பம்ப் ஏத்தும். அதான் 'விர்ர்ர்'. கியர் உள்ள கோக்குறது 'டொக்'. கிளட்ச் விலகுற அந்த நொடி சக்கரத்துக்கு இழுவை இல்ல, அதான் தலையாட்டம். கையால போட்டப்பவும் இதெல்லாம் இருந்துச்சு. நாமே செஞ்சதால காதுல விழல.

அதுக்காக எல்லா சத்தமும் நல்ல சத்தம் இல்ல. நறநறன்னு அரைச்சாலோ, கருகல் வாடை அடிச்சாலோ, எஞ்சின் மட்டும் கத்தி வண்டி நகரலைன்னாலோ உடனே காட்டணும். மேட்டுல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சு வண்டியை நிறுத்தி வைக்காதீங்க, கிளட்ச் காலி.

கடைசியா ஐயா ஒரு வித்தை சொன்னார். "அவன் கியர் மாத்துற நேரத்துல நீ காலை லேசா எடு." எடுத்தேன். தலையாட்டம் பாதியா குறைஞ்சு போச்சு. கிளட்ச் செட் மாத்தல. அம்மா மறுநாள் பிள்ளையார்பட்டிக்கு அதே வண்டியில வந்தாங்க. முன்சீட்டுல ஐயா, காதைத் தீட்டி வச்சுக்கிட்டு.

உங்க வண்டி என்ன சத்தம் போடுது? பின்னூட்டத்துல சொல்லுங்க, ஐயாகிட்ட கேட்டுச் சொல்றேன் :-)